வியாழக்கிழமைக் கோடு

வரைபடத்தில் எல்லாக் கோடுகளும்
போர்ட் மோர்ஸ்பியிலிருந்தே கிளம்புகின்றன,
பேனாவை அங்கே ஊன்றிக்கொண்டு
யாரோ காகிதத்தைச் சுழற்றியதுபோல.

தடித்த சிவப்பு தாய் நிறுவனத்துக்கு:
சிங்கப்பூர், மணிலா, பிரிஸ்பேன், ஹோனியாரா.
மெல்லிய பழுப்பு துணை நிறுவனத்துக்கு:
தாரி, கியுங்கா, டாரு, கவியாலு.
பழுப்புக் கோடு அரை மில்லிமீட்டர் போதுமா
என்று அச்சகத்திலிருந்து கேட்டார்கள்.
கால் போதும் என்றேன்.
அன்றைக்கு மதியச் சாப்பாடு தாமதமாகியிருந்தது.

என் பெயர் கெவுவா மொரேயா.
கால அட்டவணைப் பிரிவில் பதினோரு வருடம்.
புறாவுக்கும் விமானத்துக்கும் எங்களிடம் ஒரே சொல்: பாலுஸ்.
பாலுஸ் வந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டால்
கையில் பெட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம்.

இங்கிருந்து மலைநாட்டுக்குச் சாலை இல்லை.
வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை,
படத்தை விரித்து விரலால் தேடுகிறார்கள்.
விரல் மலையில் முட்டி நிற்கிறது.
அதற்கு அப்புறம் இருப்பது நாங்கள்தான்:
இரண்டு விசிறி, முப்பத்தாறு இருக்கை,
பத்து மணிக்குமேல் பள்ளத்தாக்கை மூடிவிடும் மேகம்.
மேலே ஏறும்போது பாக்கு மூட்டை, தடுப்பூசி,
முத்திரை வைத்த தேர்வுத்தாள்.
இறங்கும்போது முட்டைக்கோஸ்.
காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள்
நூறு கோழிக்குஞ்சுகள் வழியெல்லாம் கத்தும்;
சக்கரம் தரை தொட்டதும், ஏனோ, அடங்கிவிடும்.

ஆகஸ்டில் மூன்று விமானங்களில் இரண்டு படுத்துவிட்டன.
நிதிப் பிரிவு பெட்ருஸ் கெருவா கணக்கோடு வந்தான்.
கவியாலு, வியாழன், நாற்பத்தொரு விழுக்காடு.
மீதி இடத்தில் வள்ளிக்கிழங்கு வருகிறதே என்றேன்.
கிழங்கு இருக்கையில் உட்காருவதில்லை என்றான்.
கெட்டவன் இல்லை. அவன் ஊருக்கும் பழுப்புக் கோடுதான்.
கட்டத்தில் கர்சரை வைத்து
ஒரு விசையை அழுத்தினேன்.
வியாழக்கிழமை வெள்ளையானது.

மறுவாரம் நசெலுமா வந்தாள்.
தம்பி தொகுகுவா பிரிஸ்பேன் துறைமுகத்தில் வெல்டர்;
சாரத்திலிருந்து விழுந்திருக்கிறான்.
தடித்த கோடு மூன்று மணி நேரத்தில்
அவனைக் கொண்டுவந்து சேர்த்தது.
குளிர் அறையில் ஆறு நாள்
வியாழனுக்காகக் காத்திருந்தான்,
நான் அழித்துவிட்ட வியாழனுக்காக.

முகப்பு மேசையில் அவள் சத்தம் போடவில்லை.
சுவரில் மாட்டிய படத்தை வெகுநேரம் பார்த்தாள்.
"அவன் செத்த ஊருக்குத் தினமும் போகிறீர்கள்" என்றாள்.
பிறகு,
"பெட்டியோடு சேர்த்து நூற்றுப்பத்துக் கிலோ.
எடை போட்டாகிவிட்டது, சீட்டு இதோ."

அலோடாவ் வரை அனுப்பிவைத்தேன்.
அதுதான் என்னால் முடிந்தது,
முடிந்ததை மட்டும் சொல்லிக்கொள்வதும் ஒரு பழக்கம்.
அங்கிருந்து ஒரு மோட்டார் படகு, இரண்டு இரவு,
தார்ப்பாய் போர்த்திய பெட்டியின்மேல்
யாராவது ஒருவர் மாறி மாறி உட்கார்ந்து,
அலை தூக்கிப் போடாமல்.
படத்தில் அந்தக் கடல் வெளிர்நீலம்.
கோடு எதுவும் கிடையாது.

புதிய பதிப்பின் மாதிரி வந்திருக்கிறது.
கோட்டை எடுத்துவிட்டார்கள், ஊரின் புள்ளி மட்டும் நிற்கிறது.
புள்ளியையும் எடுக்கவா என்று கேட்டு
இரண்டு நினைவூட்டல்.
பதில் எழுதவில்லை இன்னும்.

வியாழன் காலை ஆறு மணி. வானொலியில்
கவியாலு முகவர் பேசுகிறார், யாரும் நிறுத்தச் சொல்லாததால்:
புல் நேற்று வெட்டியாயிற்று.
ஓடுதளத்தில் பன்றி இல்லை.
தென்கிழக்குக் காற்று, எட்டு நாட்.
மேகம் இரண்டாயிரம் அடியில், சிதறலாக.
திரும்பச் சொல்லுங்கள் என்கிறேன்,
பேனாவை எடுத்துக்கொண்டு.